ஆறாயிரம் சதுர மைல், ஐயாயிரம் ஜனம்

போன இதழில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், செர்ரி கவுண்டி என்கிற இடத்தில் நான் தங்கியிருந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மகளின் பேறுகாலத்துக்காக 2022 அக்டோபரில் போய், 2023 மார்ச்சில் திரும்பினேன். மருமகன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கே மாட்டு வைத்தியம் பார்க்கிறார். நான் சேலம் மாவட்ட வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பல வருடம் ஏற்காடு மலையில். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் கோயிலுக்கும் கடைவீதிக்கும் முன்னால் தாலுகா ஆபீஸைத்தான் தேடும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டமா, தாலுகாவா? அங்கே கலெக்டர் உண்டா அம்மா?
— கல்லூரி மாணவர், வாழப்பாடி

மாவட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அமெரிக்கா முழுக்க மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் கலெக்டர் கிடையாது. தலைநகரிலிருந்து நியமனமாகி வந்து, மூன்று வருடத்தில் மாறுதலாகிப் போகிற அதிகாரியே அங்கே இல்லை. கவுண்டி ஆணையர்கள், காவலுக்கு ஷெரிஃப், பதிவேடுகளை வைத்திருக்கும் எழுத்தர், பொருளாளர், அரசு வழக்கறிஞர் எல்லாரும் உள்ளூர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். நான் போன சமயம் நவம்பர் 8 தேர்தல். பக்கத்து வீட்டு அம்மாள், மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்துக் காட்டினார். மாநில ஆளுநரில் தொடங்கி, நிலத்துக்கு மதிப்புப் போடும் அலுவலர் வரை ஒரே தாளில். நிலத்துக்கு மதிப்புப் போடுகிறவரே ஓட்டுக் கேட்டு வருகிறார் என்பது என் மனசில் பதியவே இரண்டு நாள் ஆயிற்று.

அவர் போட்ட மதிப்பு கூடுதல் என்று நினைத்தால், ஜூன் மாதத்தில் கவுண்டி எழுத்தரிடம் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். ஆணையர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்குகிற நம் ஜமாபந்தியும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் வருகிறது! இதைச் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஜமாபந்தி என்றால் என்ன என்று விளக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.

சேலம் மாவட்டத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரியது? எவ்வளவு ஜனம்?
— ஆசிரியை, ஆத்தூர்

செர்ரி கவுண்டியின் பரப்பு சுமார் ஆறாயிரம் சதுர மைல். நம் கணக்கில் 15,500 சதுர கி.மீ. சொச்சம். நாமக்கல் பிரிந்தபிறகு நம் சேலம் மாவட்டம் 5,200 சதுர கி.மீ. அளவுதான். அதாவது மூன்று சேலம் மாவட்டத்தை அதற்குள் வைக்கலாம். நம்மிடம் 2011 கணக்குப்படி 34,82,056 பேர். அவர்களிடம் 2020 கணக்குப்படி 5,455 பேர். ஒரு சதுர மைலுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அந்த ஐயாயிரத்திலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், 2,633 பேர், தலைநகரான வாலன்டைன் என்ற சிற்றூரிலேயே இருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டு மிச்ச நிலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் ஒரு வீடு, பத்து கி.மீ. தள்ளி ஒரு வீடு.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1900-இல் 6,541 பேர். பத்தே வருடத்தில் 10,414. 1920-இல் 11,753. அதுதான் உச்சம். அதற்கப்புறம் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இறக்கம். நூறு வருடத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

ஏறியதற்குக் காரணம் ஒரு சட்டம். 1862-இல் வந்த குடியேற்றச் சட்டப்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பாடுபட்டால் நிலம் சொந்தம். ஆனால் இந்தப் பகுதி முழுக்க மணற்குன்றுகள். மேலே புல், ஒரு சாண் கீழே மணல். 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அதனால் மோசஸ் கின்கெய்டு என்ற நெப்ராஸ்கா எம்.பி. 1904-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மேற்கு, வடமேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் ஒருவருக்கு 640 ஏக்கர் வரை கொடுக்கலாம் என்றது அது. ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. மரம் இல்லாத நாடு, அதனால் புல்தரையைக் கட்டியாக வெட்டியெடுத்துச் சுவர் வைத்தார்கள். உழுதார்கள். உழுத இடத்தில் புல்லின் வேர் அறுந்தது. காற்று மணலை அள்ளிக்கொண்டு போனது. சிலர் ஐந்து வருடக் கெடு முடிந்ததும் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1930-களின் வறட்சி மிச்சப் பேரையும் கிளப்பிவிட்டது. பண்ணைகள் பெரிதாகின, எந்திரம் வந்தது, ஆள் தேவை குறைந்தது.

இன்றைக்கு அமெரிக்காவிலேயே இறைச்சிக்கான பசுக்கள் அதிகம் உள்ள கவுண்டி இதுதான். ஒரு லட்சத்துக்கு மேல். ஆளுக்கு இருபது மாட்டுக்கு மேல் என்று மருமகன் கணக்குச் சொல்வார்.

இந்தக் குடியேறிகளில் ஒரு கூட்டத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்களும் அவர்களின் பிள்ளைகளும் 1907 வாக்கில் வந்து, பிரவுன்லீ என்ற ஊருக்குப் பக்கத்தில், லூப் ஆற்றங்கரையில் டிவிட்டி என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கினார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், தங்களுக்கென்று ஒரு விளையாட்டு அணி எல்லாம் இருந்தன. 1930-களில் ஒருவரும் மிச்சமில்லை. 2016-இல் நெடுஞ்சாலையோரம் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். பலகை, புல், காற்று. நம் மலையில் தோட்டம் கைமாறியபோது காலியான கூலி லயன் வீடுகளின் இடத்தில் நின்றால் எப்படி இருக்கும், அதே மாதிரி இருந்தது.

அங்கே பட்டா, சிட்டா, புலப்படம் உண்டா? நிலத்தை எப்படி அளந்திருக்கிறார்கள்?
— ஓய்வு பெற்ற நில அளவர், ஓமலூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வாலன்டைன் ஊர் நடுவில் இருக்கும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்கு நான் நான்கு முறை போனேன். முதல் தடவை மகள் கூட வந்தாள். அப்புறம் தனியாகவே நடந்து போனேன். யார் வேண்டுமானாலும் பத்திரப் பதிவேட்டைப் பார்க்கலாம். முகப்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நான் யார், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய கனத்தில் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, சாய்வு மேஜையில் வைத்து, "எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். மசி பழுப்பாகிப்போன, சாய்ந்த கையெழுத்து. கிராம நிலக் கணக்கு எழுதிய நம் பழைய அ-பதிவேட்டின் வாசனை அப்படியே. தாளுக்கும் தூசிக்கும் தேசம் கிடையாது போலிருக்கிறது.

அவர்கள் அளவை நம்முடையதுக்கு நேர் எதிர். நாம் இருக்கிற வயலை, வரப்பு எப்படி வளைகிறதோ அப்படியே அளந்து, புல எண் போட்டு, கல் நட்டோம். அவர்கள் 1785-இல் ஒரு சட்டம் போட்டு, ஆள் போகிறதுக்கு முன்னாலேயே நிலத்தின்மேல் கட்டம் போட்டுவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு பெருங்கட்டம். அதற்குள் 36 சதுரம், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். கின்கெய்டு சட்டத்தில் 640 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்: ஒரு முழுச் சதுரம். ஆறு, குன்று, ஏரி எது குறுக்கே வந்தாலும் கோடு நேராகத்தான் போகும். அளந்த கருவி என்னவோ நீங்களும் நானும் அறிந்த கண்டர் சங்கிலிதான். 66 அடி, நூறு லிங்க்ஸ். 80 சங்கிலி ஒரு மைல்.

அந்த 36 சதுரத்தில் 16-வதும் 36-வதும் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். நெப்ராஸ்கா மாநிலமாகும்போதே போட்ட ஏற்பாடு அது. இன்றும் அப்படி மிஞ்சிய நிலங்களை மாநிலம் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. ஊர் வருவதற்கு முன்னாலேயே, அந்த ஊருக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள்! பதிவேட்டில் அந்த இரண்டு எண்ணும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நமக்கும் பெருமைப்பட இருக்கிறது. 1792-இல் இந்தச் சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அளந்து, குடியானவனிடமே நேரடியாகத் தீர்வை பேசிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடி போட்டார்கள். நாம் பார்த்த வேலையின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது.

ஒரே மாவட்டத்தில் இரண்டு மணி என்று எழுதியிருந்தீர்களே, அச்சுப்பிழையா?
— வாசகர், அம்மாப்பேட்டை

பிழை இல்லை. நேரமண்டலக் கோடு கவுண்டியின் நடுவில் ஓடுகிறது. கிழக்கே மணி பத்து என்றால் மேற்கே ஒன்பது. கல்யாணப் பத்திரிகையில்கூட எந்த மணி என்று எழுதவேண்டும்.

அங்கே ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எப்படி? நாங்கள் மலையில் படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமே அம்மா.
— கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு மலை

தெரியும் அம்மா. 108 வருவதற்கு முன்னால், மாரமங்கலம் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைப் போர்வையில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, முன்னால் தூக்கியவரின் தோல் தோள்பட்டையில் உரிந்திருந்தது.

அங்கே எப்படி என்று சொல்கிறேன். ஒருநாள் இரவு மகள் பக்கத்து வீட்டு அம்மாளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். ஆசையாக ஒரு தோசையைப் பிட்டு வாயில் வைத்திருப்பார், இடுப்பில் இருந்த சின்னக் கருவி கீச்சென்று கத்தியது. எழுந்தார், கையைக்கூடக் கழுவாமல் துணியில் துடைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிவிட்டார். ஆம்புலன்ஸில் போகிறவர் அவர்தான்! சம்பள வேலை கிடையாது, பயிற்சி எடுத்துச் சான்று பெற்ற தன்னார்வலர். தீயணைப்புக்கும் அப்படியே: பண்ணைக்காரர், ஆசிரியர், மெக்கானிக் எல்லாரும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிறார்கள். அமெரிக்கக் கிராமப்புறம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. அந்த அம்மாள் திரும்பி வந்தபோது இரவு ஒன்றரை மணி. எண்பது மைல் போய் எண்பது மைல் வந்திருக்கிறார். மகள் எடுத்து வைத்திருந்த ஆறிய தோசையை நின்றபடியே சாப்பிட்டார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது; கும்பிட்டேன்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆள் தன்னார்வலர் என்றாலும் வண்டியில் ஏறினவருக்கு பில் வரும். நம் 108 இலவசம். 2008-லிருந்து இந்த ஊர் ஏழைக்குக் கிடைத்த பெரிய சொத்து அது. அதை நான் அங்கே ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர்கள் செய்த ஒரு ஏற்பாடு நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. கிராமத்து ஆஸ்பத்திரிகள் நோயாளி எண்ணிக்கை போதாமல் வரிசையாக மூடிக்கொண்டிருந்தபோது, 1997-இல் ஒரு சட்டம் வந்தது. இப்போதைய கணக்கில் 25 படுக்கைக்கு மேல் போகாத, பக்கத்து ஆஸ்பத்திரி பொதுவாக 35 மைலுக்கு அப்பால் இருக்கிற சிற்றாஸ்பத்திரிகளுக்கு, முதியோர் மருத்துவக் காப்பீட்டிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், ஆகிற செலவைக் கணக்கிட்டுக் கொடுப்பது என்று. வாலன்டைனில் இருக்கும் கவுண்டி ஆஸ்பத்திரி அந்த வகைதான். தூரத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டார்கள், பாருங்கள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட கிராமப்புறக் கவுண்டிகளில் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியே இல்லை. என் மகளுக்குக் கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியதால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 210 கி.மீ. சேலத்திலிருந்து பெங்களூரு போகிற தூரம். ஜனவரி மாதம், விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கிளம்பினோம். மருமகன் ஓட்டினார், நான் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். பேச ஒன்றுமில்லாமல், வழியில் தெரிகிற வெளிச்சத்தை எண்ணிக்கொண்டே போனேன். முதல் நூறு கி.மீட்டரில் பதினொன்று. பெங்களூரு ரோட்டில் பதினோரு விளக்கு வருவதற்குள் கருப்பூர் தாண்டியிருக்க மாட்டோம். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், மாரியம்மன் புண்ணியத்தில்.

பள்ளிக்கூடம்? நாலு பிள்ளை இருந்தால்கூட நடத்துவார்களா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எடப்பாடி

நடத்தினார்கள் ஐயா. ஒற்றை அறைப் பள்ளிகள் மணற்குன்றுகளில் ரொம்ப காலம் இருந்தன. பள்ளி நிர்வாகம் கவுண்டியின் கையில் இல்லை. தனி வாரியம், தனி வரி. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்த சிறு வாரியங்களை 2005-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டுப் பெரிய வாரியங்களோடு சேர்த்துவிட்டது. 2006-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். ஆனால் அதற்குள் வாரியங்கள் கலைந்துவிட்டன. கலைந்தது திரும்பக் கூடவில்லை. தோட்டங்களில் இயங்கிய சின்னப் பள்ளிகள் என்ன ஆயின என்று நம் மலைக்காரர்களைக் கேட்டால் இதே குரலில்தான் சொல்வார்கள்.

சந்தோஷமான ஒன்றும் இருக்கிறது. கவுண்டியின் மேற்குப் பக்கம் 'கோடி' (Cody) என்று ஓர் ஊர், நூற்றைம்பது பேர் சொச்சம். மளிகைக் கடை மூடிப் பல வருடமாகி, ஒரு பாக்கெட் பாலுக்கே வாலன்டைனுக்கு அறுபது கி.மீ. போகவேண்டிய நிலை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கடை கட்டினார்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் வைத்த கட்டடம். 2013-இல் திறந்து, பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்களே கல்லாவில் உட்கார்ந்து, சரக்கு எடுத்து, கணக்கு எழுதி நடத்துகிறார்கள். நான் போனபோது பதினாறு வயதுப் பையன் ஒருவன் எனக்கு வெங்காயம் நிறுத்துக் கொடுத்தான். தராசில் எண் நிற்கும் வரை கையை எடுக்காமல் காத்திருந்தான். அந்தப் பொறுமைக்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுவது?

மின்சாரம் தனியாரிடமா?
— வாசகர், மேட்டூர்

இல்லை. நெப்ராஸ்காவில் மாநிலம் முழுக்க மின்சாரம் பொது அமைப்புகளின் கையிலும் கூட்டுறவுச் சங்கங்களின் கையிலும்தான். அமெரிக்காவிலேயே அப்படி உள்ள ஒரே மாநிலம் அது. 1935-இல் கிராம மின்மயமாக்கலுக்கு அரசு தனி அமைப்பு வைத்தபோது, அந்த நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. ஒரு வீட்டுக்காக ஐந்து மைல் கம்பி இழுக்க லாபத்துக்கு நடத்துகிற கம்பெனி வருமா? வரவில்லை. ஜனங்களே சேர்ந்து இழுத்தார்கள்.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் என்ன ஆனார்கள்? நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர். அதனால் கேட்கிறேன்.
— இளைஞர், நாகலூர்

கேட்கவேண்டிய கேள்வி தம்பி. போன பக்கத்தில் நானே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அந்த நிலம் லகோட்டா, பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் காட்டெருமை வேட்டையாடித் திரிந்த நிலம். லகோட்டா மக்களில் ஒரு பிரிவினரை வடக்கே, இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தில், ரோஸ்பட் என்ற ஒதுக்கிடத்தில் அடைத்தார்கள். அவர்களைக் கண்காணிக்க 1880-இல் நையோப்ராரா ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள். மூன்று வருடம் கழித்து, 1883-இல், கவுண்டி. ரயிலும் அதே சமயத்தில் வந்தது. கவுண்டிக்குப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் கோட்டையில் இருந்த சாமுவேல் செர்ரி என்ற படை அதிகாரி, 1881-இல் தன் பக்கத்துச் சிப்பாய் ஒருவனாலேயே சுடப்பட்டு இறந்தவர். தலைநகருக்கு எட்வர்ட் வாலன்டைன் என்ற எம்.பி.யின் பெயர். ஆயிரம் வருடம் அங்கே நடந்தவர்கள் யார் பெயரும் அலுவலகப் பலகையில் இல்லை. ஆற்றுக்குப் பழைய பெயர் மிஞ்சியிருக்கிறது. கோட்டை 1906-இல் மூடப்பட்டது. 1912-இல் அந்த இடம் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. லட்சக்கணக்கில் மேய்ந்த காட்டெருமையில், ஒரு தனி ஆள் கொடுத்த ஆறே ஆறை வைத்து அங்கே மந்தையைத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

கவுண்டியின் வடக்கு எல்லையைத் தாண்டினால் ரோஸ்பட். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். அங்கே சாலையோரம் நின்ற ஒரு பெரியவர், நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்றதும் சிரித்து, "எங்களுக்கு உங்கள் பெயரைத் தவறாக வைத்துவிட்டார்கள்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு இரவு முழுக்க அது மனசில் கிடந்தது.

நீங்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இன்னமும் உங்கள் மலை உச்சிக்கே போகிறீர்கள். காக்பர்ன் கலெக்டர் 1820-களில் காப்பிச் செடி கொண்டுவந்த பிறகு சரிவெல்லாம் தோட்டமாகி, உங்கள் நிலம் எவ்வளவு சுருங்கியது என்பது நான் பார்த்த பதிவேடுகளிலேயே தெரியும். ஆனாலும் ஊரும் சாமியும் உங்கள் இடத்திலேயே இருக்கின்றன. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு என்று தமிழ்நாட்டில் இருக்கும் இரண்டு தொகுதிகளில் ஏற்காடு ஒன்று. நில உரிமைக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், மனு நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். தேதி இல்லாத மனு மனுவே இல்லை. இது முப்பது வருட ஆபீஸ் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் குக்கிராமத்தில் பதினாலு வீடு. எது கேட்டாலும் "ஜனத்தொகை போதாது" என்கிறார்கள். அமெரிக்காவில் பதினாலு வீட்டுக்கு எப்படி ரோடு போட்டார்கள்?
— வாசகி, செம்மநத்தம் அருகே

உங்கள் கடிதத்தைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அங்கே போட்ட ரோடு அகலமானது இல்லை. பல இடத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார். எதிரில் இன்னொன்று வந்தால் இரண்டும் ஒரு சக்கரத்தைப் புல்லில் இறக்கி, கையை உயர்த்திவிட்டுப் போகும். வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ற அகலம் வைத்தார்கள். ஆனால் வீடு குறைவு என்று சொல்லி விட்டுவிடவில்லை. அதைக் கேட்டு வாங்க அவர்களுக்கு நிலவரிச் சீட்டும் ஓட்டும் கையில் இருந்தன. மாடும் நிலமும் உள்ளவர்கள் அவர்கள். உங்கள் பதினாலு வீட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவர்கள் வழியை அப்படியே எடுத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் நம் சட்டதிட்டத்திலேயே இடம் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. மலை வேறு என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் இன்னமும் தலையைத்தான் எண்ணுகிறோம். காலால் நடக்கிற தூரத்தை எண்ணவில்லை. 20,000 பேர் ஒரே இடத்தில் இருந்தாலும் ஒன்றுதான், பன்னிரண்டு சரிவில் சிதறிக் கிடந்தாலும் ஒன்றுதான் என்றால் அது எப்படி நியாயமாகும்?

1991 கணக்கெடுப்பில் நான் மேற்பார்வையாளர். ஆசிரியர் ஒருவரோடு ஒன்றரை மணி நேரம் இறங்கி ஏறி ஒரு ஒன்பது வீட்டு ஊருக்குப் போனேன். திண்ணையில் இருந்த பாட்டி, "போன தடவையும் வந்து எண்ணிட்டுத்தான் போனாங்க சாமி, ஒண்ணும் வரலயே" என்றார். படிவத்தில் வயசு, படிப்பு, தொழில், கூரை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நாங்கள் நடந்த ஒன்றரை மணி நேரத்தை எழுத ஒரு கட்டம் இல்லை. ஆசிரியர் தன் கைநோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. உங்கள் ஊருக்கும் ஆள் வருவார். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் பதினாலு வீட்டில் கடைசி வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரை, துணை சுகாதார நிலையம் வரை, ரேஷன் கடை வரை எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள்? வெயில் காலத்தில் எவ்வளவு, ஐப்பசி மழையில் எவ்வளவு? நிறைமாதப் பெண்ணோடு போனால் எவ்வளவு? கடிகாரம் பார்த்து எழுதி, நடந்தவர்கள் கையெழுத்தும் தேதியும் போட்டு, கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள். ஒரு நகலை எனக்கு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வெள்ளக்கடை, மாரமங்கலம், தலைச்சோலைப் பக்கத்து வாசகர்களும் அனுப்பலாம். வருகிறதை எல்லாம் ஊர் வாரியாகப் பட்டியல் போட்டு, சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு எப்படி மனுவாக எழுதுவது என்பதை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். பென்சிலில் எழுதாதீர்கள், மழையில் அழிந்துவிடும்.